ரோஜர் ஷெர்மனார்
(சங்கக் கூட்டத்திற் செய்த சொற்பொழிவு)



அமெரிக்க நாட்டின் விடுதலை வரலாற்றைக் கூறப் புகுவோர் வாஷிங்டன், பிராங்ளின், ஜெபர்சன் என்னும் மூவரோடு பெரும்பாலும் அமைந்துவிடுகின்றனர். அந்நாட்டை ஆக்கிய பத்திரங்களுள் தலையாயவை நான்கு: 1774-ஆம் ஆண்டின் வாணிக மறுப்பு உடன்படிக்கை, 1776-ஆம் ஆண்டின் சுதந்திரப் பிரகடனம், அதன்பின் எழுந்த கூட்டுறவு உடன்படிக்கை, 1787-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு. இந்நான்கினும் கையொப்பமிட்டவர் ரோஜர் ஷெர்மனார் ஒருவரே. அவர் வரலாற்றினையே இன்று பேச எடுத்துக்கொண்டோம்.

இவர் 1721-இல் மாசச்சூசெட்ஸ் நாட்டு நியூட்டன் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் உழவோடு பாதரட்சை தைக்கும் தொழிலும் உடையவர். மைந்தரும் அத்தொழிலே பயின்றார். கல்லூரியில் மாணவராய் அமர்ந்தவரல்லர். தந்தையார் இறந்தபின், 1743-இல், தம் கருவிகளை முதுகிற் சுமந்து கனெக்டிகட் நாட்டு நியூ மில்போர்டுக்கு நடந்தே சென்றார் என்பது கர்ணபரம்பரை. கணிதத்தைத் தாமே கற்று 1745-இல் நில அளவையாளரானார், வான்கணிதம் செய்து ஆண்டுதோறும் பஞ்சாங்கம் வெளியிட்டார், சட்டமும் தாமே பயின்று 1754-இல் வழக்கறிஞரானார், பின்னர் நீதிபதியுமானார். கல்லூரி காணாத இவரையே யேல் கல்லூரி 1765 முதல் 1776 வரை தன் பொருளாளராகக் கொண்டது. அக்கல்லூரிக்குப் பெயர் தந்த எலிஹு யேல் என்பார் நம் சென்னைக் கோட்டையிற் கவர்னராயிருந்தவர் என்பதையும் ஈண்டு நினைவு கூர்வோம்.

இவர் நாவலரல்லர். பேசுங்கால் இவர் கைகளை அசைத்த வகை அழகற்றதென்று ஜான் ஆதம்ஸ் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். எனினும் 1787-இல் பிலடெல்பியாவிற் கூடிய மகாசபையில் மிகுதியாகப் பேசியவருள் இவரும் ஒருவர். அச்சபை கலைந்துபோகும் நிலையை எய்திய காரணம் யாது? பெரிய நாடுகள் குடித்தொகைக்கேற்பப் பிரதிநிதிகள் வேண்டுமென்றன. சிறிய நாடுகள் யாவர்க்கும் சமபங்கு வேண்டுமென்றன. 1790-ஆம் ஆண்டுக் கணக்கில் வர்ஜீனியாவின் மக்கள் ஏறக்குறைய 7,47,000. டெலவேரின் மக்களோ 59,000. இவ்விரண்டும் ஒரே தராசில் நிற்பது எங்ஙனம்? கீழ்ச்சபையிற் குடித்தொகைக்கேற்ற பங்கும், மேற்சபையில் நாடுதோறும் சமவாக்கும் இருக்கட்டும் என்று ஜூன் 11-ஆம் நாள் ஷெர்மனார் கூறினார். அன்று அது தோற்றது. பல வாரப் பூசலுக்குப் பின், ஜூலை 16-இல், 5-க்கு 4 என்னும் வாக்குக் கணக்கில் ஏறக்குறைய அதுவே நிறைவேறியது. ஒரு வாக்கினால் நின்ற ஏற்பாடு! இன்றும் அந்நாட்டின் இரு சபைகளும் அவ்வடிப்படையிலேயே அமைந்துள்ளன.

இணக்கம் காணும் இவ்வாற்றலை நாம் போற்றுகின்றோம். ஆயின் முழுதும் போற்ற இயலவில்லை. அடிமை வாணிகம் தமக்கு உடன்பாடன்று என இவர் அச்சபையிலேயே கூறினார். இறக்குமதியாகும் அடிமைகள்மீது வரி விதித்தால் மனிதரைப் பொருளென ஒப்புக்கொண்டதாகும் என்றும் தடுத்துரைத்தார். எனினும் தென்னாட்டவர் பிரிந்துபோவரென்று அஞ்சி, அவ்வாணிகத்தை விட்டுவைக்க இசைந்தார். 1808-க்கு முன் அதனைத் தடுத்தலாகாது என்னும் விதியும், தலைக்கு 10 டாலர்வரை வரி விதிக்கலாம் என்னும் இடமும் அரசியலமைப்பில் ஏறின. அதன் அடியிலும் ஷெர்மனாரின் கையொப்பம் உளது.

நியூ ஹேவன் நகரத் தலைவராகவும், புதிய அரசின் கீழ்ச்சபையிலும் பின்பு மேற்சபையிலும் உறுப்பினராகவும் தொண்டாற்றி, 1793 ஜூலை 23-ஆம் நாள் அவர் காலமானார். அடிமைகளை இறக்குமதி செய்தலைத் தடுத்த சட்டம் 1808 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தபோது, அவர் மறைந்து 14 ஆண்டுகள் கழிந்திருந்தன.