காசிக்குக் காசு வேணுமா?

நடுவர் அவர்களே! "கையில காசில்லாம காசியா?"ன்னு எதிரணி அம்மா கேட்டாங்க. அம்மா, அசி முதல் ராஜ்காட் வரை 84 படித்துறை. எதுக்காவது டிக்கெட் உண்டா? நடந்தே பாக்கலாம்! கங்கை அங்கே வடக்கு நோக்கித் திரும்புகிறாள். படியில் உட்கார்ந்தால் எதிர்க்கரையில் சூரியன் எழுகிறான். ஓட்டல் மாடியில ஆயிரக்கணக்கில் கொடுத்தவனுக்கும் அதே சூரியன்தான்யா! (கைதட்டல்)

தங்குவதற்கு? நூறு வருஷம் முந்தியே நகரத்தார் சத்திரம் கட்டி வச்சிட்டாங்க. 1898-ல் பாரதி அனுமன் படித்துறைக்குப் போனானே, பணத்தோடவா போனான்? தகப்பனை இழந்த பிள்ளையாய் அத்தை வீட்டுக்குப் போனான்.

எங்க அப்பா, "கொஞ்சம் பணம் சேரட்டும், போகலாம்"னு முப்பது வருஷம் சொன்னார். சேர்ந்தது. அவரைக் கலயத்துலதான் கொண்டு போனேன், நடுவர் அவர்களே.