வட்டாரத்தில் எமக்கும் ஓர் ஆசனம்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை)

 

இந்த நூறு ஆண்டுகளில் எங்கள் கல்லூரி வைத்தியர்களை, ஆசிரியைகளை, பொறியியலாளர்களை, சட்டத்தரணிகளை, நிர்வாக சேவை அதிகாரிகளைத் தந்திருக்கிறது. அந்தப் பெயர்களைச் சொல்லி நாம் பெருமைப்படுகிறோம். ஒரு பட்டியல் மட்டும் மிகவும் சிறியது. பிரதேச சபைக்கோ, நகர சபைக்கோ, மாநகர சபைக்கோ போட்டியிட்ட பழைய மாணவிகளின் பட்டியல் அது. இன்று அதைப் பற்றியே பேச விரும்புகிறோம்.

எம்மில் வைத்தியத்துறைக்குப் போனவர்கள் மழைக்காலந்தோறும் ஒன்றைக் காண்கிறோம். வடகீழ்ப் பருவமழை பெய்து ஓய, வைத்தியசாலை விடுதிகள் டெங்கு நோயாளர்களால் நிறைகின்றன. 2017 இல் நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. 2024 டிசெம்பரில் குடாநாட்டில், குறிப்பாக வடமராட்சிப் பக்கத்தில், வெள்ளம் வடிந்த கையோடு எலிக்காய்ச்சல் உயிர்களைப் பலிகொண்டது. நாம் சேலைன் ஏற்றுகிறோம், குருதிச்சிறுதட்டுக்களை எண்ணுகிறோம், காய்ச்சல் தணிந்ததும் வீட்டுக்கு அனுப்புகிறோம். அந்தப் பிள்ளை திரும்பிப் போவது அதே ஒழுங்கைக்குத்தான். அங்கே வாய்க்கால் அடைபட்டுக் கிடக்கிறது. வெறுங்காணியில் பழைய ரயரும் யோகட் கோப்பைகளும் மழைநீர் ஏந்தி நிற்கின்றன. இவற்றுக்கு எங்கள் மருந்துச் சீட்டில் மருந்து எழுத முடியாது. அதை எழுதும் இடம் சபை.

தண்ணீரை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறுகூட மாரியில் மட்டுமே ஓடும். சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் மாரி மழை இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் நன்னீராக மிதக்கிறது. எங்கள் கிணறுகள் எல்லாம் அதிலேதான் நிற்கின்றன. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும். குளத்தைத் தூர்த்தாலோ முற்றம் முழுவதற்கும் சீமெந்து போட்டாலோ மழைநீர் நிலத்தில் இறங்காமல் கடலுக்கு ஓடும். இரண்டு பரப்புக் காணியில் வீடும் கிணறும் மலசலகூடக் குழியும் நெருங்கி நின்றால், குழியில் உள்ளது அந்த வெடிப்புகள் வழியே கிணற்றுக்கு வரும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. தோட்ட உரமும் மலக்குழியும் சேர்ந்து, குடாநாட்டின் பல கிணறுகளில் அந்த எல்லையைத் தாண்டச் செய்துள்ளன. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலையே அது குறைத்துவிடும்.

இந்த நிலையை மாற்றுவதற்கான அதிகாரத்தில் ஒரு பெரும்பங்கு எங்கே இருக்கிறது? 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொதுப் பாதைகள் ஆகிய மூன்றையும் சபையின் பொறுப்பில் வைத்திருக்கிறது. வீட்டு வரைபடத்துக்கு அனுமதி கொடுப்பது சபை. குப்பை அள்ளுவது சபை. ஒழுங்கைக்குக் கொங்கிறீற் போடும்போது மதகு வைப்பதா, எந்தப் பக்கம் வெள்ளம் ஓட விடுவது என்று பார்க்கவேண்டியதும் சபை. வீதியை உயர்த்தி மதகை மறந்தால் அடுத்த மாரியில் இருபக்க வீடுகளும் குளமாகும். அதை முன்கூட்டியே சொல்லக்கூடியவள் அந்த ஒழுங்கையில் இருபது மாரி கண்ட பெண். ஆனால் பாதீடு நிறைவேறும் மேசையில் அவள் இல்லை.

மேசைக்கு வழி இப்போது திறந்திருக்கிறது. முன்னர் நாட்டின் உள்ளூராட்சி உறுப்பினர்களில் பெண்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. 25 வீத ஒதுக்கீட்டுச் சட்டம் 2018 பெப்ரவரித் தேர்தலில் முதன்முறை நடைமுறைக்கு வந்தபோது, ஏறக்குறைய நான்கில் ஒருவர் பெண் என்ற நிலை வந்தது. எனினும் அவர்களிற் பெரும்பாலோர் வட்டாரத்தில் வென்றவர்களல்லர், விகிதாசாரப் பட்டியல் வழியாக வந்தவர்கள். வேட்புமனு நாள் நெருங்கியபின் இடம் நிரப்பப் பெண் தேடப்பட்ட கதைகளும் நாம் அறிந்தவையே. அவசரத்தில் எழுதப்பட்ட பெயராகப் போகாமல், வேலை தெரிந்தவராக, வட்டாரத்தில் வெல்லக்கூடியவராக நாம் போகவேண்டும்.

இது புதிய பாதையுமல்ல. கனடாவிற் பிறந்து, வைத்தியராக இலங்கைக்கு வந்து, தமிழர் ஒருவரை மணந்த மேரி ரட்ணம் 1931 இல் லங்கா மகிளா சமித்தியை ஆரம்பித்துக் கிராமப் பெண்களிடையே சுகாதாரப் பணி செய்தவர். 1937 இல் அவரே கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதற் பெண்ணானார். நோயாளியைப் பார்ப்பதும் நகரத்தைப் பார்ப்பதும் ஒரே பணியின் இரு பக்கங்கள் என்று வாழ்ந்து காட்டினார். யாழ்ப்பாணத்தில் சரோஜினி யோகேஸ்வரன் 1998 இல் மாநகர முதல்வரானார். சில மாதங்களிலேயே தம் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். எங்கள் தாய்மார் "உனக்கேன் பிள்ளை இந்த வேலை?" என்று கேட்டதற்கு இப்படியும் ஒரு வரலாறு இருந்தது. அந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. ஆனால் 2025 இல் அதே மாநகர சபை ஒரு பெண்ணை முதல்வராகத் தெரிவுசெய்திருக்கிறது என்பதையும் நினைவிற் கொள்வோம்.

இன்றைய தடைகள் வேறு விதமானவை. இரவுக் கூட்டத்துக்குப் போனால் அயலில் கதை கட்டுவார்கள். முகநூலில் படம் போட்டு ஏசுவார்கள். எம்மிற் பலர் அரச பதவியில் இருந்துகொண்டு போட்டியிட முடியாதவர்கள். "அரசியல் ஒரு சாக்கடை" என்று சொல்லி ஒதுங்குவோரும் உண்டு. சாக்கடையைத் துப்புரவாக்காமல் விட்டால் என்ன வரும் என்பது டெங்கு விடுதியில் வேலை செய்யும் எமக்குத் தெரியும்.

சபைகளே இல்லாத காலத்தையும் பார்த்துவிட்டோம். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது, தேர்தல் தள்ளிப்போனது. 2025 மே 6 இல் வாக்களிக்கும்வரை இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அதிகாரிகளே நிர்வகித்தார்கள். வாய்க்கால் அடைத்தால் கதவைத் தட்டிக் கேட்க எங்கள் வட்டாரத்துக்கென்று ஒருவர் இருக்கவில்லை. அந்த ஆசனத்தின் பெறுமதியை அந்தக் காலம் எமக்குக் கற்பித்தது.

சபையின் காலம் நான்கு ஆண்டு. ஆயத்தம் இப்போதே தொடங்கவேண்டும். மாதக் கூட்டத்துக்குப் போய்ப் பார்வையாளராக இருப்போம். சுற்றாடல், வீடமைப்பு, தொழினுட்ப சேவை, நிதி என்னும் சபைக் குழுக்களில் உறுப்பினரல்லாத ஊரவரையும் சேர்க்கச் சட்டம் இடமளிக்கிறது. இளைப்பாறிய ஆசிரியைகளும் பொறியியலாளர்களும் அங்கே இடம் கேட்கலாம். சனசமூக நிலையத்திலும் மாதர் சங்கத்திலும் பத்துப் பெண்கள் கூடி, தங்கள் வட்டாரத்தின் குளம், மதகு, பொதுக்கிணறு, குப்பை கொட்டும் இடம் எல்லாவற்றையும் ஒரு வரைபடத்திற் குறிக்கலாம். வாக்குக் கேட்கப் போகும் பெண்ணின் கையில் இருக்கவேண்டிய முதற் தாள் அதுவே. கட்சியிலா சுயேச்சைக் குழுவிலா என்பது அவரவர் தீர்மானம். சங்கம் எந்தக் கட்சிக்கும் உரியதல்ல, அப்படியே இருக்கட்டும். ஆனால் தேர்தலில் நிற்கும் ஒரு தங்கையின் பிள்ளைகளை மாலையில் பார்த்துக்கொள்வதற்கும், அவதூறு வரும்போது அவளோடு நிற்பதற்கும் கட்சி தேவையில்லை.

லண்டனிலும் ரொறொன்ரோவிலும் சிட்னியிலும் இதை வாசிக்கப்போகும் தோழியரே, உங்களுக்கும் பங்குண்டு. பூட்டிக் கிடக்கும் உங்கள் வீட்டுப் பீலியிலும் தொட்டியிலும் நுளம்பு முட்டை மாதக்கணக்கிற் காய்ந்து கிடந்து, முதல் மழைக்குப் பொரிக்கும். காணியைத் துப்புரவாக்க ஒருவரை ஒழுங்குசெய்யுங்கள். சோலைவரியைத் தவறாமற் கட்டுங்கள், சபையின் சொந்த வருமானங்களில் அது முக்கியமானது. புது வீடு கட்டினால் முற்றத்தில் மழை இறங்க மண் விடுங்கள்.

மாணவ முதல்வியராய் இந்தக் கல்லூரியின் வளவைக் காலையில் சுற்றிப் பார்த்து, குழாய் ஒழுகுகிறதா, குப்பைக்கூடை நிரம்பிவிட்டதா என்று முறைப்பாட்டுப் புத்தகத்தில் எழுதியவர்கள் நாங்கள். ஒரு வட்டாரமும் அதைவிட அதிகம் பெரிதல்ல. அடுத்த வேட்புமனு நாளில், கேட்டு அழைக்கப்படும்வரை காத்திராமல், எங்கள் பழைய மாணவிகள் சிலராவது தாமாகவே போய்க் கையொப்பமிடவேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.