சொல்லை முதலாகக் கொண்ட நிறுவனம்

 

பத்தாம் ஆண்டு நிறைவைக் கொண்டாடும் ஓர் அமைப்பின் மேடையில், பத்தே ஆண்டுகள் வாழ்ந்து மறைந்த மற்றோர் அமைப்பின் வரலாற்றை எடுத்துரைப்பது பொருந்துமா எனச் சிலர் ஐயுறலாம். ஆயினும், அவ்வமைப்பு சொல்லையே முதலாகக் கொண்டு எழுந்தது, சொல்லால் வளர்ந்தது, தன் தொழிலின்மேல் வைத்த நம்பிக்கை தளர்ந்தபோது வீழ்ந்தது. ஆதலின், அதன் வரலாறு இலக்கிய அன்பர்கள் அறியத்தக்கதே. அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1979 முதல் 1989 வரை இயங்கிய இன்ஃபோகாம் என்னும் கணிப்பொறி விளையாட்டு நிறுவனமே அது.

கணிப்பொறி விளையாட்டு என்றவுடன் பாய்ந்தோடும் உருவங்களும் வெடியோசையும் நினைவுக்கு வரும். இன்ஃபோகாமின் புகழ்பெற்ற படைப்புகளில் இவை எவையும் இல்லை. திரையில் எழுத்துகள் மட்டுமே தோன்றும். ஓர் இடம் வருணிக்கப்படும். ஆடுபவர் தாம் செய்ய விரும்புவதை ஒரு தொடராகத் தட்டச்சிடுவார். கணிப்பொறி அதற்கு விடையாக அடுத்த பத்தியைக் காட்டும். படிப்பவரும் கதை மாந்தராகி உள்ளே நடமாடும் புனைகதை அது.

தோற்றம்

இதன் வேர் ஒரு குகையில் உள்ளது. குகை ஆய்வில் நாட்டமுடைய வில் குரோதர் என்னும் நிரலர், தாம் அறிந்த கென்டக்கி மாநிலக் குகையை அடியொற்றி ஒரு சொல் விளையாட்டை எழுதினார். டான் வுட்ஸ் என்பவர் அதனை விரித்தெழுதினார். 1977இல் அது பல்கலைக்கழகக் கணிப்பொறிகளில் பரவியது. அவ்வாண்டே, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த டிம் ஆண்டர்சன், மார்க் பிளாங்க், புரூஸ் டேனியல்ஸ், டேவ் லெப்லிங் ஆகிய நால்வரும் அதனினும் சிறந்ததொன்றைப் படைக்க முனைந்தனர். அவ்வாறு பிறந்ததே 'சோர்க்'. ஒரு வெள்ளை வீட்டின் முன்னே தொடங்கி, நிலத்தடியில் மறைந்து கிடக்கும் பேரரசு ஒன்றினுள் ஆடுபவரை இட்டுச்செல்லும் கதை அது.

குகை விளையாட்டு இரண்டு சொற்களை மட்டுமே அறியும். ஒரு வினை, ஒரு பெயர், அவ்வளவே. சோர்க்கோ முழுத் தொடரையும் பகுத்தறிய முற்பட்டது. எதனைச் செய்வது, எதனைக் கொண்டு செய்வது, எதனுள் இடுவது என்னும் வேற்றுமைப் பொருள்களை அது பிரித்துணர்ந்தது. பல பொருள்களை ஒரே தொடரில் குறித்தாலும், முன் சொன்ன பொருளைச் சுட்டுப்பெயரால் குறித்தாலும் புரிந்துகொண்டது. தொடரில் ஐயம் நேர்ந்தால், எதனைக் கருதினீர் என்று திருப்பி வினவியது. இலக்கண ஆசிரியர் வகுப்பறையில் செய்யும் பணியை ஓர் இயந்திரத்துக்குப் பயிற்றிய முயற்சி எனலாம்.

1979 ஜூன் 22ஆம் நாள் அக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தைச் சார்ந்தோர் இன்ஃபோகாமை நிறுவினர். என்ன விற்பது என்பதில் அன்று அவர்களுக்குத் தெளிவில்லை. கையில் இருந்ததோ சோர்க். ஆனால் பெரிய கணிப்பொறிக்கென எழுதப்பட்ட அது, வீடுகளில் நுழையத் தொடங்கியிருந்த சிறு பொறிகளில் அடங்கவில்லை. மேலும், அப்பொறிகள் ஒன்றுக்கொன்று ஒவ்வாதவை; ஒன்றிற்கு எழுதியது மற்றொன்றில் இயங்காது.

மார்க் பிளாங்க், ஜோயல் பெரெஸ் இருவரும் இதற்குக் கண்ட தீர்வு நுட்பமானது. உலகில் எங்கும் இல்லாத ஒரு பொறியை அவர்கள் எண்ணத்தில் அமைத்தனர். அதற்கு இசட் இயந்திரம் என்பது பெயர். கதைகள் யாவும் அக்கற்பனைப் பொறிக்கெனவே எழுதப்பட்டன. உண்மைப் பொறி ஒவ்வொன்றிற்கும், அக்கதையைப் பெயர்த்துரைக்கும் சிறு நிரல் ஒன்று மட்டும் தனியே ஆக்கப்பட்டது. மூலநூல் ஒன்று, மொழிபெயர்ப்பாளர் பலர் என்பது போன்ற ஏற்பாடு. பெருங்கதை மூன்றாகப் பகுக்கப்பட்டு, 1980, 1981, 1982 ஆகிய ஆண்டுகளில் மூன்று சோர்க்குகளாக வெளிவந்தது. அவை அமோகமாக விற்பனையாயின.

வளர்ச்சி

அடுத்து வந்த ஆண்டுகள் இந்நிறுவனத்தின் பொற்காலம். 1982இல் மார்க் பிளாங்க் எழுதிய 'டெட்லைன்' ஒரு துப்பறியும் கதை. வட்டில் இடம் போதாமையால் காவல்துறைக் குறிப்புகள், ஆய்வக அறிக்கை முதலியன அச்சிடப்பட்டுப் பெட்டியிலேயே வைக்கப்பட்டன. குறையை மறைக்கச் செய்த ஏற்பாடே அழகாகி, பின்வந்த விளையாட்டுகளின் அடையாளமாயிற்று.

1983இல் ஸ்டீவ் மெரெட்ஸ்கி எழுதிய 'பிளானட்ஃபால்' கதையில் ஃபிளாய்டு என்னும் குழந்தையுள்ளம் படைத்த இயந்திரத் தோழன் வருகிறான். ஆடுபவருக்காக அவன் தன்னையே பலியிடும் இடத்தில் பலர் கண் கலங்கினர். 1984இல் ஆங்கில எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸ் தம் புகழ்பெற்ற அண்டவெளி நகைச்சுவைக் கதையை மெரெட்ஸ்கியுடன் இணைந்து விளையாட்டாக்கினார். 1985இல் மெரெட்ஸ்கி, ஓர் ஊரின் எதிர்காலத்தை ஓர் இயந்திர அறிவு பதிற்றாண்டுக்கு ஒருமுறை புகுந்து காண்பதாகப் படைத்து, தம் நாட்டு அரசியலை விமரிசித்தார். 1986இல் பிரையன் மோரியார்ட்டி எழுதிய 'டிரினிட்டி', 1945இல் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் நிகழ்ந்த முதல் அணுகுண்டு ஆய்வுக்கு ஆடுபவரை அழைத்துச் சென்றது. 1987இல் ஏமி பிரிக்ஸ் என்னும் பெண் படைப்பாளர் பெண்ணையே கதைத் தலைமையாக்கி 'பிளண்டர்டு ஹார்ட்ஸ்' எழுதினார். விளையாட்டு என்றால் ஆடவர்க்கு உரியது என்று கருதப்பட்ட காலத்தில் இது துணிவான செயல்.

பிற நிறுவனத்தார் படங்களைக் காட்டி ஈர்க்க முயன்றபோது, இன்ஃபோகாம் தன் விளம்பரத்தில் மனித மூளையின் படத்தை அச்சிட்டது. உள்ளத்தில் தோன்றும் ஓவியத்துக்கு ஈடான ஓவியம் இல்லை என்பதே அதன் கருத்து.

வீழ்ச்சி

இத்துணைப் புகழ் பெற்ற நிறுவனம் ஏன் வீழ்ந்தது? நிறுவனர் சிலருக்கு விளையாட்டு ஒரு படிக்கட்டாகவே தோன்றியது. அலுவலகங்களுக்கு உதவும் 'பெருமைக்குரிய' மென்பொருளே அவர்கள் நோக்கம். கதைகள் ஈட்டிய பொருளெல்லாம் 'கார்னர்ஸ்டோன்' என்னும் தரவுத்தள மென்பொருளில் கொட்டப்பட்டது. 1985இல் 495 டாலர் விலையில் அது வெளிவந்தது.

இங்கே ஒரு முரண் கருதத்தக்கது. கதைகளை எல்லாப் பொறிகளிலும் வாழச் செய்த அதே கற்பனைப் பொறி உத்தியையே கார்னர்ஸ்டோனிலும் கையாண்டனர். கதை படிப்பவர் சிறிது நேரம் காத்திருப்பார். கணக்குப் பார்ப்பவர் காத்திருக்க மாட்டார். பெயர்த்துரைக்கும் இடைநிலையால் மென்பொருள் மந்தமாயிற்று. அதற்குள் அலுவலகங்களில் ஐபிஎம் வகைப் பொறியே நிலைபெற்றுவிட்டமையால் பல பொறிகளில் இயங்கும் ஆற்றலுக்கும் மதிப்பில்லாமற் போயிற்று. கார்னர்ஸ்டோன் விலைபோகவில்லை. அவ்வாண்டே ஊழியர் பலர் வேலையிழந்தனர். 1986இல் ஆக்டிவிஷன் நிறுவனம் இன்ஃபோகாமை வாங்கியது. 1989 மே மாதத்தில் அதன் கேம்பிரிட்ஜ் அலுவலகம் மூடப்பட்டது.

படங்களின் வருகையே வீழ்ச்சிக்குக் காரணம் என்பாரும் உளர். 1984இல் வெளிவந்த 'கிங்ஸ் குவெஸ்ட்' போன்றவை மக்களைக் கவர்ந்தது உண்மையே. இறுதி ஆண்டுகளில் இன்ஃபோகாமும் படங்களைச் சேர்த்துப் பார்த்தது. எனினும், அந்தப் புயல் வலுத்தபோது அதனை எதிர்கொள்ளும் வலிமை நிறுவனத்திடம் எஞ்சியிருக்கவில்லை. அவ்வலிமை முன்னரே வேறொரு கனவுக்குச் செலவாகியிருந்தது.

எஞ்சியது

நிறுவனம் மறைந்தது, படைப்பு மறையவில்லை. கற்பனைப் பொறிக்கு எழுதப்பட்டமையால் அக்கதைகளுக்குப் பொறியோடு சேர்ந்து அழியும் விதி இல்லாமற் போயிற்று. ஆர்வலர்கள் இசட் இயந்திரத்தின் இலக்கணத்தை ஆராய்ந்து கண்டனர். 1993இல் கணித அறிஞரும் கவிஞருமான கிரகாம் நெல்சன் 'இன்ஃபார்ம்' என்னும் கருவியை ஆக்கியளித்தார். அதன்பின் எவரும் அப்பொறிக்குப் புதுக்கதை எழுதலாம் என்னும் நிலை வந்தது, எழுதவும் செய்தனர். 2025 நவம்பரில், உரிமை பெற்றிருந்த மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மூன்று சோர்க்குகளின் மூல நிரலையும் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்துவிட்டது. கார்னர்ஸ்டோனைத் தேடுவார் அரியர். சோர்க்கை இன்றும் ஆடுவார் உளர்.

பத்தாண்டு என்பது ஓர் அமைப்பின் வயது, படைப்பின் வயதன்று. எந்தப் பணியை ஓர் அமைப்பினர் சிறிதென்று எண்ணி, வேறொன்றுக்குப் படியாக்க முயன்றனரோ அப்பணியே அவர்கள் பெயரைக் காத்து நிற்கிறது. கட்டடமும் கணக்கும் பதவியும் பெரிதாகத் தோன்றும் வேளைகளில், கவிதை வாசித்தலும் நூல் ஆய்தலும் சிறிதாகத் தோன்றுதல் இலக்கிய அமைப்புகளுக்கும் நேர்வதே. இவ்வட்டம் அம்மயக்கத்துக்கு ஆட்படாமல், தன் முதலாகிய சொல்லைப் போற்றி, இன்னும் பல பத்தாண்டுகள் சிறந்து வாழ்க!