‘நைஸ்’ என்றால் என்ன பொருள்?

(விழுப்புரத்தில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் பிள்ளைகளின் ஆங்கிலக் கட்டுரையில் தவறாமல் வரும் ஒரு சொல் ‘நைஸ்’. செஞ்சிக்கோட்டை நைஸ், மரக்காணம் கடற்கரை நைஸ், சத்துணவும் நைஸ்.

இதன் வேர் இலத்தீனின் ‘நெஸ்கியுஸ்’. ‘நெ’ என்றால் இல்லை; ‘ஸ்கிரே’ என்றால் அறிதல். ஆக, ‘அறியாதவன்’ என்பதே முதற்பொருள். ‘சயின்ஸ்’ என்ற சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான். பிரெஞ்சு வழியாக 1300-ஐ ஒட்டி ஆங்கிலத்துக்கு வந்தபோது, ஒருவரை ‘நைஸ்’ என்றால் முட்டாள் என்று பொருள். பின்னர் நுணுக்கம் பார்ப்பவர், நுண்மையானது எனப் படிப்படியாக நகர்ந்து, 18-ஆம் நூற்றாண்டில் ‘இனிமையான’ என்ற பொருளுக்கு வந்தது. எல்லாவற்றுக்கும் இச்சொல்லையே போடும் வழக்கத்தை, 1817 இறுதியில் வெளிவந்த ‘நார்த்தாங்கர் அபே’ நாவலில் ஜேன் ஆஸ்டின் கேலி செய்திருக்கிறார். ஆகவே இது நம் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள பழக்கமன்று.

திண்டிவனத்தில் ஒரு மாவு மில்லில் சற்று நில்லுங்கள். “நல்லா நைசா அரைச்சுக் குடுங்க” என்பார்கள். இங்கே பொருள் இனிமை அன்று, நுண்மை. “நைசா நழுவிட்டான்” என்றால் ஓசைப்படாமல், தந்திரமாக. ஆங்கிலத்திலும் நுண்ணிய வேறுபாட்டைக் குறிக்க இச்சொல் இன்றும் வழங்குகிறது.

தமிழிலும் இப்படி உண்டு. நறுமணத்தைக் குறித்த ‘நாற்றம்’ இன்று கெட்ட வாடையாகிவிட்டது. ‘விழுமம்’ என்ற ஒரே சொல்லுக்குச் சீர்மை, சிறப்பு, துன்பம் என மூன்று பொருள் தருகிறது தொல்காப்பியம்.

நான் பார்வையிட்ட ஒரு வகுப்பில், ‘நைஸ்’ என்பதற்கு ‘மாவு மாதிரி’ என்று எழுதியிருந்தாள் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி. வகுப்பே சிரித்தது. அதன்பின் அந்த வகுப்பு முடியும்வரை அவள் கை உயரவே இல்லை. அவள் விடை பாடத்துக்குப் பொருந்தாமல் இருக்கலாம். ஆனால் அது காதால் கேட்டு, யோசித்து எழுதிய விடை.

எனவே இரண்டு வேண்டுகோள்கள். சிவப்பு மையால் அடிக்கும் முன், “இதை எங்கே கேட்டாய்?” என்று கேளுங்கள். ‘நைஸ்’ என்று எழுதினால், “எப்படி நைஸ்?” என்று கேளுங்கள். கோட்டைக்கு ‘ஸ்டீப்’, கடற்கரைக்கு ‘விண்டி’, சாப்பாட்டுக்கு ‘ஹாட்’ என்று பிள்ளைகளே சொல்வார்கள். சொல்வளம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.