எதிர்வீட்டு மச்சு
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஐந்து நிமிடம் கேட்டிருக்கிறேன். வங்கியில் கணக்கு எழுதியவன், நேரம் தாண்ட மாட்டேன்.

அண்ணா சாலையில் எல்.ஐ.சி. மெட்ரோ நிலையத்தில் இறங்கியிருப்பீர்கள். 1959இல் பதினான்கு மாடியோடு அந்தக் கட்டடம் திறந்தபோது ஊரே அண்ணாந்து பார்த்தது என்பார் என் அப்பா. அதே சாலையில் கூம்பும் மினாருமாய்ச் சிவப்பாக நிற்பது பாரத் இன்சூரன்ஸ் கட்டடம். 1897இல் ஒரு மருந்துக் கம்பெனிக்காகக் கட்டியது. 2006இல் இடிக்க ஆரம்பித்தார்கள். இன்டாக் அமைப்பு உயர் நீதிமன்றம் போனது. 2010இல் இடிக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. அதற்குப் பிறகும் பல வருஷம் பூட்டியே கிடந்தது, அது வேறு கதை.

பெரிய கட்டடத்துக்கு வழக்குப் போட ஆள் உண்டு. நம் எதிர்வீட்டுக்கு யார் இருக்கிறார்கள்? தை பிறந்ததும் இடிக்கிறார்கள். அண்ணன் தம்பிகள் நால்வருக்குப் பங்கு, குறை சொல்ல நமக்கு உரிமையில்லை.

ஆனால் அந்த வீட்டின் மச்சு மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரங்களின் மேல் சின்னச் சின்னச் செங்கல்லைக் குத்துக்குத்தாய் நிறுத்தி, சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டியது. அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேரும். கடைசியாகத் தட்டோடு. கம்பி, சிமென்ட் எதுவும் கிடையாது. சித்திரை மாதம் அந்தக் கூடத்தில் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள், நம் ஐந்தாவது மாடிக்காரர்களுக்கு அழுகை வரும்! ஒழுகினால் பார்க்க இன்று கொத்தனார் கிடைப்பதில்லை. விற்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நம் அடுக்ககம் நிற்கும் இடத்திலும் திண்ணை வைத்த அப்படியொரு வீடுதான் இருந்தது. 1994இல் ஊழியர் கடனுக்கு விண்ணப்பிக்கும் முன் இரண்டு தடவை வந்து பார்த்தேன். கார் நிறுத்த எவ்வளவு இடம் வரும் என்று அடியெடுத்து அளந்தேனே தவிர, ஒரு போட்டோ எடுக்கத் தோன்றவில்லை. அந்தத் திண்ணைத் தூண் எப்படி இருந்தது என்று என் பேத்தி கேட்டாள், சொல்லத் தெரியவில்லை.

எதிர்வீட்டுப் பெரியவரிடம் பேசிவிட்டேன். ஞாயிறு காலை ஏழு மணிக்கு வரச் சொன்னார். போன் வைத்திருக்கும் பிள்ளைகள் வரட்டும். ஒருவர் அளவு டேப் கொண்டு வாருங்கள். உத்தரம் பழசு, மச்சில் ஒரே நேரத்தில் நான்கு பேருக்கு மேல் ஏற வேண்டாம். காபி அவர்கள் வீட்டில்.