புதுக்கவிதையும் அதன் வாசகரும்

யாப்பின் கட்டுக்குள் நில்லாமல் எழுதப்படும் கவிதையைத் தமிழில் புதுக்கவிதை என்கிறோம். பாரதியாரின் வசன கவிதைகள் இதற்கு முன்னோடி. 1930களில் மணிக்கொடி இதழில் ந. பிச்சமூர்த்தி எழுதியவை அடுத்த படி. ஆனால் இந்தக் கவிதைக்கென்று வாசகர் உருவானது, 1959 ஜனவரியில் சி. சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ இதழால்தான்.

‘எழுத்து’ கவிதைகளை வெளியிட்டதோடு நிற்கவில்லை. அவற்றை எப்படிப் படிப்பது என்ற விவாதத்தையும் அதே பக்கங்களில் நடத்தியது. அறுபதை நெருங்கிய பிச்சமூர்த்தியும், இருபதை ஒட்டிய வயதில் திருகோணமலையிலிருந்து எழுதிய தருமு சிவராமுவும் அதில் சமமாக இடம்பெற்றார்கள். பிரமிள் என்று பின்னாளில் அறியப்பட்ட சிவராமு, கவிதையோடு விமர்சனமும் எழுதினார். 1962இல் 24 கவிஞர்களின் 63 கவிதைகளைச் செல்லப்பா ‘புதுக்குரல்கள்’ என்று தொகுத்தார்.

வெண்பாவுக்குப் பழகிய காது எதுகையையும் ஈற்றடியையும் எதிர்பார்க்கும். புதுக்கவிதையில் அந்த வேலையைப் பெரும்பாலும் அடி முறியும் இடம் செய்கிறது. ‘கடைசி பஸ் வந்தது, அவன் வரவில்லை’ என்பது வெறும் தகவல். ‘வந்தது’ என்பதோடு அடியை நிறுத்தி, ஒரு வரி இடம் விட்டு, ‘அவன் வரவில்லை’ என்று எழுதினால், காத்திருந்த நேரமும் அந்த வெற்றிடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. வாய்விட்டுப் படிக்கும்போது அங்கே ஒரு மூச்சு நிற்க வேண்டும். நிறுத்திப் பார்த்தும் எதுவும் நேரவில்லை என்றால், புதுக்கவிதையைக் கேலி செய்பவர்கள் சொல்வதுபோல் அது முறித்துப் போட்ட உரைநடைதான். அந்தக் கேலிக்குத் தகுதியான கவிதைகளும் ஏராளமாக வந்திருக்கின்றன.

புதிதாகப் படிப்பவருக்கு ஞானக்கூத்தன் நல்ல நுழைவாயில். 1973இல் வந்த அவருடைய ‘அன்று வேறு கிழமை’ தொகுப்பில் யாப்பின் ஓசை இன்னும் கேட்கும். கிண்டல் உடனே பிடிபடும். சி. மணியின் ‘நரகம்’ போன்ற நெடுங்கவிதைக்குச் சற்றுக் கூடுதல் பொறுமை வேண்டும். நகர வாழ்க்கையின் நடுவே பழம்பாடல்களின் சாயலும் எட்டிப்பார்க்கும் நடை அவருடையது. தொகைநூலில் ஒரு கவிதை பிடித்துப்போனால், அந்தக் கவிஞரின் தனித் தொகுப்பைத் தேடி எடுப்பது நல்லது. பத்துக் கவிதைகளைச் சேர்த்துப் படித்தால்தான் ஒருவருடைய குரல் பழகும்.

பிரமிளின் படிமங்களுக்கு அவசரம் ஆகாது. கருத்து என்ன என்று கேட்பதற்கு முன், கண்முன் என்ன தெரிகிறது என்று பார்க்க வேண்டும். முதல் வாசிப்பில் வசப்படாததைச் சில நாள் ஒதுக்கி வைக்கலாம். அதற்குள் பசுவய்யா, வைதீஸ்வரன் போன்ற பிற புதுக்கவிஞர்களை ஒரு சுற்றுப் படித்துவிட்டு வந்தால், அதே கவிதை வேறு மாதிரி திறக்கக்கூடும்.