வாசல் ஏன் இவ்வளவு தாழ்வாக இருக்கிறது?



காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் 1968-இல் எழுதிய இரண்டு சிறுகதைகளைப் பற்றி மட்டும் பேசுகிறேன். இரண்டிலும் ஒரு கடலோர ஊர். இரண்டிலும் முன்பின் தெரியாத ஒருவர் அங்கே வந்து சேர்கிறார்.

முதல் கதையில், பெரிய சிறகுகளோடு ஒரு கிழவர் சேற்றில் விழுந்து கிடக்கிறார். அவரைக் கோழிக்கூண்டில் அடைக்கிறார்கள். லத்தீன் புரியாத தேவதூதரா என்று பாதிரியாருக்குச் சந்தேகம். வேடிக்கை பார்க்கத் தலைக்கு ஐந்து சென்ட். அசையாமல் கிடப்பவருக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க, மாட்டுக்குச் சூடு போடும் இரும்பால் சுடுகிறார்கள். வசூலான காசில் மாடிவீடு எழும்புகிறது. இன்னொரு தேவதூதர் நுழைந்துவிடாதபடி ஜன்னல்களுக்கு இரும்புக் கம்பி வேறு.

இரண்டாம் கதையில் கரை ஒதுங்குவது ஒரு பிணம். மிகப் பெரிய உடல். பெண்கள் சுத்தம் செய்கிறார்கள், எஸ்தேபான் என்று பெயரிடுகிறார்கள். ஊரே அவனுக்கு உறவாகிறது.

செத்தவரிடம் இரக்கம் காட்டுவது எளிதுதானே என்று கேட்கலாம். ஆனால் அந்தப் பெண்கள் இன்னொன்றையும் யோசிக்கிறார்கள். உயிரோடு இருந்திருந்தால் நம் வாசல்களில் இவன் குனிந்தே நுழைந்திருப்பான். நாற்காலி உடையுமோ என்று நின்றே இருந்திருப்பான். உபசரித்தவர்களே அவன் போனதும் கேலி பேசியிருப்பார்கள். அதன் பிறகே அழுகிறார்கள். பிறகு ஊர் தன் வாசல்களை அகலமாக்கவும் கூரைகளை உயர்த்தவும் முடிவெடுக்கிறது.

குனிந்து வருபவரைப் பார்த்து உச்சுக்கொட்ட யாராலும் முடியும். வாசல் ஏன் இவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்று வீட்டுக்காரர் கேட்க வேண்டும். அதைக் கேட்காத இரக்கம், கூண்டுக் கம்பி வழியே பழத்தோல் எறிவதிலிருந்து அதிக தூரத்தில் இல்லை.